தரங்கம்பாடி பாசஞ்சர் மறுபடி ஓடுமா?

நண்பர்களே! தலைப்பைப் பார்த்துவிட்டு, “ரயில்வே மந்திரிக்கு மனு எழுதியிருக்கான் போலிருக்கு” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மனு எழுதுவது பெரியவர்கள் வேலை. நான் சொல்ல வருவது நாமே செய்யக்கூடிய ஒரு காரியம். அதுவும் நம்ம ஒர்க்‌ஷாப்பில், நம்ம லேத்தில், நம்ம கையால்.

போன வருடம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு மாடல் ரயில் செய்து கண்காட்சியில் வைத்தோம். பார்க்க வந்த ஒரு பெரியவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், சிரித்தார். “என்னப்பா இது, டிப்ளமோ படிக்கிற பசங்க பொம்மை ரயில் விட்டுக்கிட்டு இருக்கீங்க?” என்றார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நாங்களும் அசடு வழியச் சிரித்துவிட்டோம். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை ஒரு வருடம் கழித்து இங்கே எழுதுகிறேன்.

கொலுவில் ஓடிய ரயில்

மாடல் ரயில் என்றதும் அது ஏதோ வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு என்று நினைக்கிறோம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போனவர்களுக்கு அப்படித் தோன்றாது. படிக்குப் பக்கத்தில் தரையில் மணல் பரப்பி, கேழ்வரகோ கடுகோ விதைத்து முளைத்த பச்சையை வயலாக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி ஒரு ‘பார்க்’ போடுவார்கள். அதைச் சுற்றி ஒரு தகர ரயில் ஓடும். சாவி கொடுத்தால் ஓடுகிற ரயில். பின்னால் பேட்டரி ரயில். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கொலுவுக்குச் சுண்டலுக்காகப் போனவன் நான். கடைசியில் சுண்டலை மறந்து ரயிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது நாள் முடிந்ததும் அந்த வீட்டு மாமி அதைத் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். மறுபடி பார்க்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

ஆக, இந்த ஆசை நமக்குப் புதிது அல்ல. உலகத்தில் இது எப்படி வளர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியின் மெர்க்லின் கம்பெனி 1891-ல் லைப்சிக் சந்தையில், பொம்மை ரயிலுக்கும் தண்டவாள அகலத்தை எண் போட்டு வரையறுத்துக் காட்டியது. இன்றைக்கு வாங்கிய பெட்டி, நாளைக்கு வாங்கும் தண்டவாளத்திலும் ஓடும் என்ற நிலை வந்தது. இங்கிலாந்தில் மெக்கானோ கண்டுபிடித்த ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ல் சாவி ரயில்களை விற்க ஆரம்பித்தார். 1938-ல் வீட்டு மேஜையிலேயே ஓடக்கூடிய சின்ன அளவில் ‘ஹார்ன்பி டப்ளோ’ வந்தது. அப்போது வாங்கிய ரயில்களை இன்றைக்கும் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் நாட்டிலேயே குவாலியர் மகாராஜா அரண்மனையின் சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளி ரயில் உண்டு. விருந்தாளிகளுக்கு மதுவும் சுருட்டும் சுமந்துகொண்டு மேஜையைச் சுற்றி வருமாம். மகாராஜாவுக்கு மட்டும்தான் இந்த ஆசை என்றும் நினைக்க வேண்டாம். புனேயில் பாவ்சாகேப் ஜோஷி என்பவர் தன் வாழ்நாள் ஆசையைத் திரட்டி, 1998-ல் ஒரு மினியேச்சர் ரயில்வே மியூசியத்தையே திறந்தார். சிக்னல், மேம்பாலம், மலை ரயில், ஊர், விளக்கு எல்லாம் அடங்கிய ஒரு குட்டி நகரம். அங்கே போனால் ரயிலைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வைத்துக் காட்டுவதில்லை, ஓட்டிக் காட்டுகிறார்கள். என் கட்சிக்கு இதுதான் முதல் சாட்சி.

பூட்டி வைப்பதா, ஓட்டுவதா?

பழைய மாடல் ரயில் சேர்ப்பவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, ரயிலை வாங்கினால் பெட்டியை விட்டு எடுக்கவே எடுக்காது. அட்டைப்பெட்டி கசங்காமல் இருந்தால் விலை ஏறும். ஓடிய சக்கரத்துக்கு விலை இறங்கும். இன்னொரு கட்சி, ரயில் என்றால் ஓடத்தான் என்று சொல்லும். நான் இரண்டாவது கட்சி. அதற்கு ஆசை மட்டும் காரணமில்லை, மெட்டலர்ஜியும் காரணம்.

அந்தக் காலத்து எஞ்சின்களைத் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். உருக்கும்போது அதில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால் போதும், வருடங்கள் கழித்து வார்ப்பு உள்ளுக்குள்ளேயே வெடிப்பு விட ஆரம்பிக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் எஞ்சின் பிஸ்கட் மாதிரி நொறுங்கிக் கிடக்கும். நம்ம டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை நினைத்துப் பாருங்கள்! இது ஓட்டினாலும் வரும், ஓட்டாவிட்டாலும் வரும். ஆனால் அவ்வப்போது வெளியே எடுத்து ஓட்டுகிறவன் முதல் வெடிப்பையே பார்த்துவிடுவான். பூட்டி வைத்தவனுக்குத் தூளைப் பார்க்கும்போதுதான் தெரியும். ஓட்டாத எஞ்சினில் கிரீஸ் காய்ந்து கெட்டியாகி கியரைப் பிடித்துக்கொள்வதும் இப்படித்தான். பல வருடம் கழித்து சுவிட்சைப் போட்டால் மோட்டார் முக்கும், சக்கரம் நகராது. “ஓடுற தண்ணி கெடாது” என்று நம்ம ஊரில் சொல்வது சும்மா இல்லை.

நிஜ ரயிலுக்கும் இதே நியாயம்தான். 1855-ல் செய்த ‘எக்ஸ்பிரஸ்’ என்ற நீராவி எஞ்சின் நூறு வருடத்துக்கு மேல் ஓடாமல் காட்சிப்பொருளாக நின்றது. சென்னை பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்கள் அதைப் பிரித்து மேய்ந்து 2010-ல் மறுபடி ஓட வைத்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே பொன்மலை. 1928-லிருந்து இயங்கும் அந்தப் பணிமனையில், ஊட்டி மலை ரயிலுக்காக 2011 முதல் புத்தம் புதிய நீராவி எஞ்சின்களையே செய்து அனுப்பினார்கள். செய்த கைகள் பெரும்பாலும் ஐ.டி.ஐ., டிப்ளமோ கைகள். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

கடையில் கிடைக்காத ரயில்

சரி, ஆசை வந்துவிட்டது. கடையில் போய் ஒன்று வாங்கிவிடலாமா? பணம் இருந்தால் வாங்கலாம். ஜெர்மன் ரயில் கிடைக்கும், இங்கிலீஷ் ரயில் கிடைக்கும், அமெரிக்க ரயிலும் கிடைக்கும். ‘எச்.ஓ.’ என்கிற அளவுதான் உலகத்தில் அதிகம் புழங்குவது. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அங்கே ரயில் பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 16.5. கடையில் கிடைக்கும் தண்டவாளமும் 16.5 மில்லிமீட்டர். கணக்கு கச்சிதம்!

இப்போது நம்ம கணக்கைப் போடுங்கள். நம்முடைய அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 19.3. இந்த அளவுத் தண்டவாளம் எந்தக் கடையிலும் ரெடிமேடாகக் கிடைக்காது. அதனால் இந்திய ரயில் மாடல் செய்கிறவர்கள் பெரும்பாலும் 16.5-லேயே ஓட்டிச் சமாளிக்கிறார்கள். பெட்டி இந்தியப் பெட்டி, அடியில் ஐரோப்பியத் தண்டவாளம். நம்ம ஊர் மீட்டர் பாதையோ 1000 மில்லிமீட்டர். வகுத்தால் 11.5. சுவிட்சர்லாந்து மலை ரயிலும் மீட்டர் பாதை என்பதால் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அங்கே செய்து விற்கிறார்கள். ஆனால் அதன்மேல் நிற்கும் ரயில் சுவிஸ் ரயில். மாயவரம் ஜங்ஷனில் நின்ற ஒய்.பி. எஞ்சினைப் பெட்டியில் போட்டு யாரும் விற்பதில்லை. ஆகவே நம்ம ரயில் வேண்டுமென்றால் நாமேதான் செய்ய வேண்டும். சிலருக்கு இது குறையாகத் தெரியலாம். டிப்ளமோ படிக்கும் நமக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது என்பேன்.

மாடலாகச் செய்யும் அளவுக்கு டெல்டா ரயிலில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1861–62-லேயே பாதை போட்டுவிட்டார்கள். அதுவும் முதலில் அகலப் பாதை! 1875-ல் அதைப் பிடுங்கி மீட்டர் பாதையாக்கினார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழித்து, மீட்டர் பாதையைப் பிடுங்கி மறுபடியும் அகலப் பாதை. மாயவரத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்குப் போன பாதை, தஞ்சாவூர் ஜில்லா போர்டின் பணத்தில் 1894-ல் வந்தது. ஜில்லா போர்டே ரயில்பாதை போட்ட ஜில்லா இது! நீடாமங்கலம்–மன்னார்குடிப் பாதை மூடிப் பல வருடம் கிடந்து 2011-ல் திரும்பி வந்தது. திரும்பி வராதது, 1926-ல் திறந்து 1986-ல் மூடிய மாயவரம்–தரங்கம்பாடிப் பாதை.

மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று முப்பது கிலோமீட்டர். வயல், வாய்க்கால், தென்னந்தோப்பு, கடைசியில் டேனிஷ்காரன் கோட்டையும் கடலும். இதைவிட அழகான மாடல் பாதை சுவிட்சர்லாந்திலும் இருக்காது!

நாங்கள் செய்தது, கெடுத்தது

எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் மெக்கானிக்கல், ஒருவன் எலக்ட்ரிகல், ஒருவன் சிவில். 1-க்கு 40 என்று அளவு வைத்தோம். மீட்டர் பாதை அப்போது சரியாக 25 மில்லிமீட்டர். கணக்கு போட சுலபம். எட்டடிக்கு நாலடி பிளைவுட். தண்டவாளத்துக்குப் பித்தளைப் பட்டை. ஸ்லீப்பருக்கு பி.சி.பி. போர்டைக் கீற்று கீற்றாக அறுத்து, பட்டையை அதன்மேல் சால்டர் வைத்தோம். இரண்டு தண்டவாளமும் தாமிரத்தின் வழியே ஷார்ட் ஆகாமலிருக்க, ஒவ்வொரு ஸ்லீப்பரிலும் நடுவே அரத்தால் ஒரு கோடு தேய்க்க வேண்டும். இருநூறுக்கு மேல் ஸ்லீப்பர். ஒன்றே ஒன்றில் தேய்க்க மறந்திருந்தோம். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரோடு இரண்டு ராத்திரி போனது.

எஞ்சினுக்கு பி.வி.சி. பைப் பாய்லர், தகரக் கேபின், உள்ளே 12 வோல்ட் கியர் மோட்டார். ஒய்.பி. எஞ்சினின் ஓட்டுச்சக்கரம் நிஜத்தில் 4 அடி 6 அங்குலம். எங்களுக்கு 34 மில்லிமீட்டர். ஆறு சக்கரத்தையும் லேத்தில் நாங்களே கடைந்தோம். சிவில் நண்பன் வளைவைக் கணக்கிட்டபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. மீட்டர் பாதையில் அனுமதிக்கும் மிகக் கூர்மையான வளைவு 16 டிகிரி, அதாவது ஆரம் 109 மீட்டர். 40-ஆல் வகுத்தால் 2.7 மீட்டர். எங்கள் பலகையின் அகலமே நாலடி! 55 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைத்தோம். நிஜத்தில் அது 22 மீட்டர். எந்த ரயிலும் அதில் திரும்பாது. நடுச்சக்கரத்தின் விளிம்பைச் சீவி எடுத்த பிறகுதான் எஞ்சின் வளைந்தது. வகுப்பில் வளைவுக்கு ஃபார்முலா எழுதியிருக்கிறோம். அந்த ஃபார்முலா ஏன் என்பது, ரயில் பத்து முறை கவிழ்ந்த பிறகுதான் புரிந்தது.

கண்காட்சி அன்று என்ன ஆயிற்று? ரிப்பன் வெட்டியாயிற்று, விருந்தினர் வந்தார், சுவிட்சைப் போட்டோம். எஞ்சின் அரைச் சுற்று போய் நின்றது. தள்ளினால் போகும், விட்டால் நிற்கும். நிஜ நீராவி எஞ்சினில் இடப்பக்கத்து கிராங்கும் வலப்பக்கத்து கிராங்கும் 90 டிகிரி வித்தியாசத்தில் இருக்கும். ஒரு பக்கம் செத்த நிலையில் நின்றால் மறுபக்கம் தள்ளிவிட வேண்டுமே! எங்கள் மூன்று அச்சிலும் அந்தக் கோணம் ஒரே மாதிரி இல்லை. கண்ணால் பார்த்துச் சக்கரத்தை அடித்து இறக்கியிருந்தோம். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் போதும், இணைப்புக்கம்பி மூன்று சக்கரத்தையும் பிடித்து நிறுத்திவிடும். பிறகு டிரில்லிங் மெஷினில் ஒரு ஜிக் செய்து, மூன்று அச்சையும் அதிலேயே வைத்து அடித்தோம். எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆனால் அதற்குள் கண்காட்சி முடிந்துவிட்டது! விருந்தினர் நினைவில் நாங்கள் ‘ஓடாத பொம்மை ரயில் பசங்க’தான்.

இதையே இறுதியாண்டு ப்ராஜெக்டாகக் கொடுக்கலாமா என்று கேட்டோம். விளையாட்டுச் சாமான் ப்ராஜெக்ட் ஆகாது என்று பதில் வந்தது. அதே வருடம், கடையில் பணம் கட்டி வாங்கி வந்த ரெடிமேட் ப்ராஜெக்ட்களை நாம் எல்லோரும் பார்த்தோம். பெட்டியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று செய்தவனுக்கே தெரியாது. காரணம், அவன் செய்யவில்லை. எது விளையாட்டு, எது படிப்பு? நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

தாத்தா சொன்ன திருத்தம்

இவ்வளவும் எழுதிவிட்டு முக்கியமான விஷயத்தை விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. என் தாத்தா தரங்கம்பாடிப் பாதையில் கேங்மேனாக இருந்தவர். இப்போது எண்பதை நெருங்குகிறார். கண் பார்வை மங்கல். கண்காட்சி முடிந்து மாடலை ஊருக்குக் கொண்டுபோய்த் திண்ணையில் வைத்தேன். “தாத்தா, உங்க லைன் பாருங்க” என்றேன். ஆக்கூர் ஸ்டேஷன் என்று நாங்கள் அட்டையில் ஒரு கட்டிடமும் பிளாட்பாரமும் செய்து ஒட்டியிருந்தோம்.

அவர் பார்க்கவில்லை, தடவினார். முதலில் பிளாட்பாரம். “இவ்ளோ ஒசரமா யாருடா கட்டுனது? மண்ணு மேடைதான்டா. பொம்பளைங்க புடவையத் தூக்கிச் செருகிக்கிட்டுத்தான் வண்டியில ஏறும்.” அடுத்து தண்டவாளத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போனார். “கட்டையெல்லாம் ஒரே எடைவெளியில போட்டிருக்கே. ஜாயிண்டுகிட்ட நெருக்கிப் போடணும் தம்பி. இல்லாட்டி ஜாயிண்டு தாந்துடும்.” பிறகு ரயிலை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. “என்னமோ கொறையுதே... சத்தமே இல்லியே” என்றார்.

மோட்டார் சத்தம் கேட்கிறதே தாத்தா என்றேன். அவர் கேட்டது அதுவல்ல. எங்கள் பித்தளைப் பட்டையில் ஜாயிண்டே கிடையாது. நிஜப் பாதையில் ஒரு தண்டவாளம் சுமார் 12 மீட்டர். அது முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் அந்தத் ‘தடக் தடக்’. மறுநாள் ஹேக்ஸாவை எடுத்து, 30 சென்டிமீட்டருக்கு ஒரு இடத்தில் பட்டையின் மேல் லேசாக ஒரு கீறல் போட்டேன். ஜாயிண்டுக்குப் பக்கத்து ஸ்லீப்பர்களையும் நெருக்கி வைத்தேன். மறுபடி ஓட்டினேன். தாத்தா ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது சுற்றில், “இப்ப சரி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆக்கூர் தாண்டி ஒரு மதகு வருமே, அதையும் போட்டுடு” என்றார்.

எங்களுக்கு இதுவரை கிடைத்த மார்க்கிலேயே பெரிய மார்க் அந்த “இப்ப சரி”தான்.

நண்பர்களே, இதுதான் என் கவலை. எஞ்சினின் வரைபடத்தை எப்படியாவது தேடிப் பிடிக்கலாம். திருச்சியில் 2014-ல் திறந்த ரயில்வே மியூசியத்துக்குப் போனால் பழைய சாமான்களைப் பார்க்கலாம். ஆனால் ஆக்கூர் பிளாட்பாரம் மண்ணா, கல்லா? மதகு எந்தப் பக்கம்? கேட்கீப்பர் வீட்டு வாசலில் என்ன மரம்? இதையெல்லாம் சொல்லக்கூடியவர்கள் இன்றைக்கு எழுபத்தைந்து, எண்பது வயதில் நம் ஊர்த் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் பத்து வருடம் கழித்து நாம் பிரமாதமாக ஒரு மாடல் செய்யலாம். “இது தப்பு தம்பி” என்று திருத்த அன்றைக்கு ஆள் இருக்காது. தப்பு என்று சொல்ல ஆள் இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்பதே என் வாதம்.

மூன்று கேள்விகளுக்குப் பதில்

‘செலவு ஆகுமே?’ என்பது முதல் கேள்வி. வெளிநாட்டு எஞ்சின் ஒன்றின் விலையைக் கேட்டால் எனக்கும் தலை சுற்றும். எங்கள் மாடலுக்கு ஆனது, நாலு பேருக்கும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். பாதி சாமான் ஸ்கிராப்பில் கிடைத்தது. பித்தளைப் பட்டையும் மோட்டாரும்தான் காசு. ஒரு டூருக்கு நாம் செலவழிப்பதைவிடக் குறைவு.

‘இதைப் படித்து வேலை கிடைக்குமா?’ என்பது இரண்டாவது. மாடல் ரயில் ஓட்டும் வேலைக்கு யாரும் விளம்பரம் கொடுக்கப்போவதில்லை. ஆனால் இதில் எது நம்ம சிலபஸில் இல்லை, சொல்லுங்கள்? சக்கரம் கடைவது மெக்கானிக்கல். வளைவும் சரிவும் சிவில். எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு ஒரு புதிர் தருகிறேன். இரண்டு தண்டவாளத்திலும் டி.சி. மின்சாரம். ரயில் ஒரு வளையத்தில் சுற்றி வந்த பாதையிலேயே திரும்பிப் போக வேண்டும். வளையம் போட்டதும் இடது தண்டவாளம் போய் வலதில் சேர்ந்து ஷார்ட் ஆகிவிடும், எப்படித் தீர்ப்பீர்கள்? யோசித்து வந்து சொல்பவருக்கு கேண்டீனில் டீ என் செலவு. எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து. 1990-களில் அமெரிக்க மாடல் ரயில் சங்கம் டிஜிட்டல் முறைக்கு ஒரு பொது விதி வகுத்தது. தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் தனி விலாசம் உள்ள ஒரு சில்லு. கட்டளையும் அதே தண்டவாளம் வழியாகவே போகும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சினை இரண்டு வேகத்தில் ஓட்டலாம். அதையே ஒரு ஆர்டுயினோ போர்டை வைத்து நாமே செய்து பார்க்கலாமே! இன்டர்வியூவில் “நீ என்ன செய்தாய்?” என்று கேட்டால், பதிலைப் பேப்பரில் எழுதாமல் மேஜைமேல் ஓட்டிக் காட்டலாம்.

‘சின்னப்புள்ளத்தனமா இல்லையா?’ என்பது மூன்றாவது. ஆமாம், இருக்கிறது. அதனால் என்ன? ஆசை இல்லாமல் செய்த எந்த வேலையும் உருப்பட்டதாக நான் பார்த்ததில்லை. கொலு ரயிலைப் பார்த்து வாய் பிளந்த பையன்தான் இன்றைக்கு லேத்தில் நிற்கிறான்.

என்ன செய்யலாம்?

வெறும் பேச்சோடு முடிக்க விருப்பமில்லை. நம் மாணவர் பேரவைக்கு மூன்று யோசனைகள்:

முதலாவது, பேரவை அறையில் ஒரு சுவரோரம் ஒதுக்கித் தர வேண்டும். வருடத்துக்கு ஒரு ஸ்டேஷன், ஒரு பலகை. எல்லாப் பலகைக்கும் ஒரே உயரம், ஒரே விளிம்பு, தண்டவாளம் முடியும் இடமும் ஒன்று. இப்படி வைத்துக்கொண்டால் இந்த வருடப் பலகையோடு அடுத்த வருடப் பலகையைப் பூட்டிக்கொண்டே போகலாம். முப்பது கிலோமீட்டரை 40-ஆல் வகுத்தால் 750 மீட்டர். நம்ம மைதானத்திலும் அடங்காது. சுருக்கித்தான் செய்ய வேண்டும். எதைச் சுருக்குவது, எதை விடக்கூடாது என்று முடிவு செய்வதே பாதிப் படிப்பு.

இரண்டாவது, சேர்க்கலாம். வெளிநாட்டு ரயில் வேண்டாம். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கொலு ரயில், தடித்த அட்டை டிக்கெட், கைவிளக்கு, ஸ்டேஷன் முன்னால் எடுத்த கல்யாண போட்டோ. கொடுக்க மனமில்லாதவர்களிடம் போட்டோ எடுத்துக்கொண்டால் போதும். ஓடுகிற சாமானைப் பூட்டி வைக்காமல் வருடத்தில் ஒரு நாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடாதவற்றை எண்ணெய் போட்டு, ஈரம் படாமல் வைக்க வேண்டும்.

மூன்றாவது, இதுதான் அவசரம். ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு தாத்தா நம்மில் பலர் வீட்டில் இருக்கிறார். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துப் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். மொபைலில் பதிவு செய்தாலும் சரி. ஸ்டேஷனை வரையச் சொல்லுங்கள். வரைய வராவிட்டால் நீங்கள் வரைந்து காட்டுங்கள், அவர் திருத்துவார்.

தரங்கம்பாடி பாசஞ்சர் நிஜமாக மறுபடி ஓடுமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பலகைமேல் ஓட்ட முடியும். அதற்கு யார் உத்தரவும் தேவையில்லை. தாத்தா கேட்ட மதகு இன்னும் போடவில்லை. செமஸ்டர் முடிந்ததும் முதல் வேலை அதுதான். கூட வர விருப்பமுள்ளவர்கள் மாலை நாலரைக்கு மேல் ஒர்க்‌ஷாப் பக்கம் வாருங்கள். ஒரு ஹேக்ஸா பிளேடு கையோடு கொண்டு வந்தால் இன்னும் நல்லது!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை